கோட்டை இறங்கி வராது

செஞ்சிக் கோட்டையில் நான் கைடு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். தொப்பை அதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிற்கும். ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்ததுமே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். "இவ்வளவு படியா? வேற வழி இல்லையா?" என்பார்கள். அதற்கென்றே ஒரு வசனம் வைத்திருக்கிறேன்.

"கோட்டை இறங்கி வராது சார். நாமதான் ஏறிப் போகணும்."

சொல்லிவிட்டு உச்சியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பேன். போட்டோ எடுப்பவர்களுக்கு வாகாக இருக்கும். அவர்களை ஏற்றிவிட்டு நான் பாதி மலையில் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவேன் என்பது தனிக் கதை.

என் பெயர் பீமாராவ். "மராட்டியரா? கோட்டையிலேயே தங்கிட்ட வம்சமா?" என்று வெளியூர்க்காரர்கள் கண்ணை விரித்துக் கேட்பார்கள். "இல்லீங்க. சட்டம் எழுதினவரு பேரை எங்க நைனா எனக்கு வெச்சாரு" என்பேன். சிலர் சந்தோஷமாகக் கை கொடுப்பார்கள். சிலர் உடனே பேச்சை நெற்களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் நீங்களே கண்டுபிடித்து என்னைத் திட்டுவதற்கு முன்.

கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள் இல்லையா, அன்றைக்கு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏதோ நான் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்துக் கட்டிய கோட்டை போல ஊரெல்லாம் கை கொடுத்துக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் பாரம்பரியமாகவே தெரிந்தது. வீட்டில் ரிப்பேரான கிரைண்டரை எடைக்குப் போடலாம் என்றாள் என் மனைவி தமிழினி. "ஒரிஜினல் கல்லு. இதையெல்லாம் காப்பாத்தணும்" என்றேன். "காப்பாத்துங்க. மாவையும் நீங்களே ஆட்டிக்குங்க" என்றாள். மறுநாள் புது கிரைண்டர் வந்துவிட்டது.

இந்தப் பித்தோடு ஒருநாள் அவலூர்பேட்டைக்குப் போனேன். ஆட்டுக்குத் தவிடு வாங்க தமிழினிதான் அனுப்பினாள். தவிட்டுக் கடை வைத்திருக்கும் வசந்தா அக்கா மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. மேலே டிவி இருந்த இடத்தில் கம்பி வலை. கீழ் அறையில் வைக்கோல். வைக்கோல் மேல் அடைகாக்கும் பெட்டைக்கோழி. பெட்டியின் நடுவே சரிவான பலகையில் ஒரு குச்சி நட்டுக்கொண்டிருந்தது, உச்சியில் சிவப்பு உருண்டையோடு.

வீடியோ கேம் பொட்டி. அதுவும் ஏதோ ஒரு பொட்டி இல்லை. எங்கள் பொட்டி.

நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் நின்ற பெட்டி அது. விமானத்தை ஓட்டி எதிரியைச் சுடும் ஆட்டம். ஊரிலேயே அதில் ராஜா என் சிநேகிதன் காஸ்பர். ஒரு ரூபாய்க் காசைப் போட்டால், கடைக்காரர் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்கும் வரைக்கும் சாக மாட்டான். பெட்டியின் நெற்றியில் அவன் பெயரை நெயில் பாலிஷால் கடைக்காரரே எழுதி வைத்திருந்தார். நானோ காசு போட்ட சூடு ஆறுவதற்குள் செத்துப்போகிறவன். ஒரு தடவைகூட அவனை ஜெயித்ததில்லை. என் முறை வரும் வரை பெட்டியின் காலடியில் தரையில் குந்தியிருப்பேன். அப்படிக் குந்தியிருந்தபோது ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் பக்கவாட்டுப் பலகையில் என் பெயரைக் கீறினேன். பீமா. மா கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

கோழிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டுப் பார்த்தேன். கீழே, முழங்கால் உயரத்தில், பீமா அப்படியே இருந்தான்.

கோழியைக் கிளப்ப வசந்தா அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெட்டியைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். தமிழினி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கோழி எங்க?"

"கோழி இல்ல."

"கூண்ட மட்டும் இன்னாத்துக்கு வாங்கியாந்தீங்க? தவிடு எங்க?"

தவிடு அவலூர்பேட்டையிலேயே இருந்தது.

இந்த மாதிரிப் பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கோயமுத்தூர், பெங்களூர், சென்னை என்று பல ஊர் ஆட்கள். உள்ளே இரண்டு கட்சி. ஒரு கட்சி, பெட்டியைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து, புது ஸ்கிரீன் மாட்டி, ஓட வைத்து விளையாட வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, பெட்டியில் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது, கீறலும் கறையும் சேர்ந்ததுதான் சரித்திரம் என்கிறது. நான் எந்தக் கட்சி என்று சொல்லவே வேண்டாம். சேர்ந்த வாரத்திலேயே இரண்டாவது கட்சிக்கு நான்தான் பேச்சாளர். "கோட்டைச் சுவரில் பெயிண்ட் அடிப்பீர்களா?" என்று கேட்டு ஒரு சென்னைக்காரரைக் குழுவை விட்டே போக வைத்தேன்.

கூடத்தில் பெட்டியை நிறுத்தி, முன்னால் இரண்டு ஸ்டூல் போட்டுக் கயிறு கட்டினேன். "தொடாதீர்கள்" என்று அட்டை எழுதி மாட்டினேன். கோழி எச்சத்தைக்கூட, அதுவும் ஒரு காலகட்டத்தின் சான்று என்று விட்டு வைத்திருந்தேன். நான் கோட்டைக்குப் போயிருந்த நேரத்தில் தமிழினி டியூபைப் பிடித்துக் கழுவிவிட்டாள். "அந்தக் காலகட்டம் சாக்கடைல போயிட்டுது" என்றாள்.

இனி காஸ்பர். திண்டிவனம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் கருகினாலும் அவனிடம்தான் வரும். போன தவக்காலத்தில் ஒருநாள் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு போகவில்லை. போகாததோடு முன்னைவிட நீளமாக வளர்ந்திருந்தது. முதலில் கொஞ்ச நாள் டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தைப் பிசைந்தான். அப்புறம் பந்தைச் சுவரில் எறிந்துவிட்டு, அதே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கடைக்குப் பூட்டு போட்டாகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் அவன் மனைவி அருள்ஜோதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை அவளுக்கு. சேலையில் இன்னும் தாளித்த வாசனை இருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணா, இத ஓட வெக்க முடியுமா?"

"இன்னாத்துக்கும்மா?"

"அவரு கைக்குத்தான். முதல் வருஷத்துக்குள்ள கைய பழக்கணுமாம், இல்லன்னா அப்படியே நின்னுடுமாம். டாக்டர் சொல்லிட்டாரு. பந்த தொட மாட்டேங்குறாரு. நீ இந்தப் பொட்டிய வாங்கியாந்திருக்கறேன்னு சொன்னேன் பாரு, அன்னிக்கு மட்டும்தான் திரும்பிப் படுத்தாரு. குச்சி இடது கையிலதான பிடிக்கணும்?"

ஆமாம். குச்சி இடது கை, சுடும் பட்டன் வலது கை. எனக்கே அது தோன்றவில்லை. "ஓட வெக்கிறேன்மா. கண்டிப்பா ஓட வெக்கிறேன்" என்றேன்.

அனந்தபுரத்திலிருந்து டிவி மெக்கானிக்கைக் கூட்டி வந்து, யாரோ பரணில் போட்டிருந்த பழைய குண்டு டிவியை உள்ளே பொருத்தினேன். ஆட்டம் ஓடும் போர்டைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். கொள்கை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். உள்ளே மாற்றலாம், வெளியே மாற்றக் கூடாது என்று அவசரமாக ஒரு புதுக் கொள்கை செய்துகொண்டேன். கோட்டையிலும் லைட் போட்டிருக்கிறார்களே என்று குழுவில் சமாளித்தேன். திரையில் விமானம் பறந்ததும் தமிழினிகூடக் கயிற்றைத் தாண்டி வந்து ஒரு கை ஆடினாள். என்னைவிட அதிகப் புள்ளி. அதைக் குழுவில் போடவில்லை.

காஸ்பரை ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறொரு இடத்துக்கு வந்திருக்கிறான். மெலிந்திருந்தான். பெட்டியின் நெற்றியில் மங்கிப்போயிருந்த தன் பெயரைப் பார்த்து, "கடைக்காரரு போயிட்டாரு, பாலிஷ் போகல பாரு" என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தான்.

அப்புறம்தான் வந்தது சிக்கல். அது நின்றுகொண்டு ஆடும் பெட்டி. ஆள் பிடிக்காமல் காஸ்பரால் நிற்க முடியாது. நாற்காலியில் உட்கார வைத்தால் பலகை அவன் முகவாய்க்கு வந்தது. ஸ்டூலில் உட்கார வைத்தால் சாய்மானம் இல்லாமல் இடது பக்கம் சரிந்தான். பிடிக்கப் போன நானும் சரிந்தேன்.

அருள்ஜோதி பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணா, கீழ சும்மாதான இருக்குது? கோழி இருந்த எடம். அத அறுத்து எடுத்துட்டா சேர்ல உக்காந்தே ஆடலாமே."

அறுப்பதா? ஒரிஜினல் பெட்டியையா? வாய் தானாகப் பேச ஆரம்பித்தது. மரம், மைக்கா, காலத்தின் தடம், அடுத்த தலைமுறை. கோட்டையில் மாடி மாடியாக நிற்கும் கல்யாண மகாலின் கீழ் மாடியை யாராவது அறுத்தெடுப்பார்களா என்றுகூடக் கேட்டேன். அருள்ஜோதி காஸ்பரின் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"உடு ஜோதி" என்றான் காஸ்பர். "கைடு கிட்ட போய் கோட்டைய அறுக்கச் சொல்றியே."

"அறுக்க வேண்டாம்டா" என்றேன் நான். "உன்னை அந்த உயரத்துக்கு ஏத்திடறேன். ஞாயித்துக்கிழம வா."

பொட்டி இறங்காது, ஆள்தான் ஏற வேண்டும். இருபது வருஷமாக ஊர் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த பாடமாயிற்றே.

பந்தல் கடை பார்த்திபனிடம் போனேன். மேடைக்குப் போடும் பலகையும், கைப்பிடி வைத்த உயரமான நாற்காலியும் வேண்டும் என்றேன்.

"சிம்மாசனமாண்ணா? கல்யாணமா, சடங்கா?"

"ரெண்டும் இல்லப்பா. உக்கார உயரமா வேணும், அவ்வளவுதான்."

"கல்யாண செட்டு மேல்மலையனூர் போயிருக்குது. சடங்கு செட்டுதான் இருக்குது. பொண்ணுக்கு இன்னா வயசு?"

"நாப்பத்தஞ்சு" என்றேன்.

பார்த்திபன் தொழில் தெரிந்தவன், அதற்குமேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமான் வந்து இறங்கியது. மேடைப் பலகை மேல் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம். முதுகுப் பக்கம் தோகை விரித்த மயில். இரண்டு பக்கமும் தங்கக் கலர் பூசிய சிங்கத் தலை. சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா வளைவு, அதில் ஓடி ஓடி எரியும் சீரியல் லைட். "வளைவு வேண்டாம்ப்பா" என்றேன். "அது செட்டோட வரும்ணா, தனியா கழட்ட முடியாது" என்று சொல்லி, கரண்டையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடத்தில் லைட் மினுக்க ஆரம்பித்ததும் எதிர்வீட்டு அமிர்தவல்லி அம்மா ஓடி வந்தாள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வளையல்.

"சொல்லவே இல்லையே தமிழினி. உங்க வீட்ல பொண்ணே கிடையாதே, யாருக்கு சடங்கு?"

தமிழினி என்னைக் கை காட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான் போனாள் என்று எனக்குத் தெரியும்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிகிற நேரத்துக்குக் காஸ்பர் வந்தான். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். அருள்ஜோதி பவுடர்கூடப் போட்டுவிட்டிருந்தாள். ஆட்டோக்காரர் தோளைப் பிடித்தபடி வாசலில் நின்று சிம்மாசனத்தைப் பார்த்தான். மயிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான்தான் ஆர்வக் கோளாறில் குதித்துக்கொண்டிருந்தேனே. நான், ஆட்டோக்காரர், தெருவில் போன இரண்டு பேர் என்று நாலு பேராகச் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தோம். அதற்குள் ஜன்னலில் கூட்டம். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். "மாலை எங்கப்பா?" என்று ஒரு குரல் கேட்டது.

உயரம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சிம்மாசனத்தின் அகலத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. சிங்கத் தலை இடித்ததில் பெட்டியின் பக்கத்திலேயே போக முடியவில்லை. காஸ்பர் வலது கையால் இடது கையைத் தூக்கி, முன்னால் நீட்டி, குச்சியின் உருண்டை மேல் வைத்தான். விரல்கள் மூடவில்லை. கை வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தான். மறுபடி விழுந்தது. திரையில் விமானம் யாரும் ஓட்டாமலே போய் மோதி வெடித்தது. மூன்றாவது தடவை அவன் இன்னும் முன்னால் குனிய, வெல்வெட்டில் வழுக்கி இடது பக்கமாகச் சரிந்து ரோஜா வளைவைப் பிடித்தான். வளைவு அவன் தலைமேலேயே விழுந்தது. நாங்கள் பிடித்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. ஜன்னலில் சிரித்தார்கள். பிளாஸ்டிக் பூவுக்குள் அவன் முகத்தில் லைட் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருந்தது.

"இறக்குடா" என்றான்.

ஆட்டோ வரை கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். ஏதாவது கிண்டல் செய்வான் என்று காத்திருந்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னான்:

"பொட்டிக்கு வலிக்கும்னு என்னைத் தூக்கி மேல வெச்சியேடா, பீமா."

ஆட்டோ போய்விட்டது.

அப்புறம் அவன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால் தூங்குகிறான் என்றாள் அருள்ஜோதி. தூங்கவில்லை, முதுகு தெரிந்தது. பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "இப்ப எதையுமே தொட மாட்டேங்குறாருண்ணா" என்று அவள் சொன்னபோது என் மேல் கோபம்கூட இல்லை அவள் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் நான் இலேசில் திருந்துகிற ஜாதி இல்லை. குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். இப்படி ஒரு நெருக்கடி வந்தும் பெட்டியை விட்டுக் கொடுக்கவில்லை என்று. உடனே கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. "ஒரு ஆணிகூட மாறவில்லை, வாழ்த்துகள்" என்றார் பெங்களூர்க்காரர். அதைத் தமிழினியிடம் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"ஆணியாவது மைக்காவாவது. அறுத்தா கீழ இருக்கற உங்க பேரு போயிடும். அதான?"

"சேச்சே! சரித்திரம்டி அது!"

"காஸ்பர் அண்ணன் பேரு கீழ இருந்து, உங்க பேரு மேல இருந்திருந்தா அன்னிக்கே ரம்பத்த எடுத்திருப்பீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கோட்டைக்குப் போய்விட்டேன். அங்கே என் அதிர்ஷ்டம், புதுசாகக் கல்யாணமான ஒருத்தர் சாவியால் சுவரில் பெயரைக் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி வெட்கத்தோடு நிற்கிறாள். வீட்டில் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அவர்மேல் காட்டினேன்.

"நீ இங்க வந்தன்னு சுவத்துக்குத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது? உன் பேர யாருய்யா கேட்டா?"

சத்தம் கல் சுவரில் பட்டுத் திரும்ப வந்தது. உன் பேர யாருய்யா கேட்டா. அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "சாரி அண்ணா" என்றார். அவர்கள் போன பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு குரங்கு என் கைப்பையிலிருந்த பிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. தடுக்கவில்லை.

தமிழினி சொன்னது உண்மை. அத்தனை பேச்சுக்கும், கல்யாண மகாலுக்கும், அடுத்த தலைமுறைக்கும் அடியில் முழங்கால் உயரத்தில் குந்திக்கொண்டிருந்தவன் நான்தான். காஸ்பருடைய கைக்கு மிச்சமிருந்ததோ கொஞ்ச மாதங்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே ரம்பம் இரவல் வாங்கினேன். தச்சு ஆசாரியைக் கூப்பிடலாம் என்றாள் தமிழினி. இல்லை, நானே அறுக்கிறேன் என்றேன். கயிற்றையும் அட்டையையும் கழற்றினேன். பெட்டியைச் சாய்த்துப் போட்டு, கோடு போட்டு அறுத்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. ரம்பம் அதன் பக்கமே போகவில்லை. கை கொப்பளித்தது. கடைசியில் அடிப்பாகம் தனியாக விழுந்தபோது உள்ளேயிருந்து ஒரு கோழி இறகு பறந்தது. நிமிர்த்தி வைத்துப் பார்த்தால் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி. குழுவுக்குப் படம் அனுப்பினேன். யாரோ என்னை நீக்கிவிட்டார்கள்.

அதே குட்டி யானையைக் கூப்பிட்டேன். காஸ்பரை வரச் சொல்லவில்லை. பெட்டியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி, பிளக்கைச் சொருகினேன். அந்த ஆட்டத்துக்கென்று ஒரு பாட்டு உண்டு, காசு போட்டதும் வரும். அது வந்தது.

சுவரைப் பார்த்திருந்தவன் திரும்பினான்.

"இன்னாடா, குள்ளமா ஆயிட்டுது?"

"அறுத்துட்டேன்."

"எதால? பல்லாலயா? இவ்ளோ கோணலா இருக்குது."

"ரம்பம்தான்டா. எனக்கு வந்தது அவ்வளவுதான்."

பெட்டியைப் பார்த்தான். அப்புறம் என் உள்ளங்கைக் கொப்பளத்தைப் பார்த்தான். "படியேற முடியாதவங்ககிட்ட இன்னாவோ டயலாக் உடுவியே" என்றான். "கோட்டை இறங்கி வராது சார்னு."

நான் குனிந்து பிளக் வயரை ஓரமாக ஒதுக்கினேன். நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

"சேரை இழுத்துப் போடு" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பலகை சரியாகக் கைக்கு வந்தது. பெட்டியின் சாய்வுக்குக் கீழே பழைய பைபிள் வகுப்புப் புத்தகத்தை வைத்து முட்டுக் கொடுத்தாள் அருள்ஜோதி. உருண்டையைப் பிடிக்க விரல் மூடவில்லை என்றதும், உருண்டையைக் கழற்றிவிட்டுச் சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டச் சொன்னான் காஸ்பர். அதுவும் ஒரிஜினல் உருண்டைதான். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கை நழுவாமல் இருக்க அருள்ஜோதி ஒரு துணிப் பட்டையால் அவன் கையைக் குச்சியோடு சேர்த்துக் கட்டினாள். இடது கால் தொங்குவதால் வலிக்கிறது என்றான். முட்டுக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். குட்டி யானையில் கிடந்த அறுத்த அடிப்பாகத்தை எடுத்து வந்து படுக்கப் போட்டேன். சரியான உயரம். அவன் காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். வைத்த பிறகுதான் பார்த்தேன், எந்தப் பக்கம் மேலே இருக்கிறதென்று.

அன்றைக்கு அவன் விமானம் பறந்ததும் வெடித்ததும் ஒன்றாக இருந்தது. ஆனால் "இன்னொரு தடவ" என்றான். அருள்ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன்பிறகு கோட்டை வேலை முடிந்ததும் நேராக அவன் வீடுதான். மாற்றி மாற்றி ஆடினோம். ஆரம்பத்தில் தினமும் நான் ஜெயித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் காஸ்பரை ஜெயிக்கிறேன். நோயாளியை ஜெயிக்கிறோமே என்று வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வெட்கப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் விசில் அடித்துக்கொண்டு வந்தேன். தமிழினியிடம் புள்ளிக் கணக்குகூடச் சொன்னேன். "உருப்படவே மாட்டீங்க" என்றாள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அவர்கள் வீட்டு வாசலில் மாட்டிய வாரம், ஒருநாள் நான் போகும்போதே அவன் ஆடிக்கொண்டிருந்தான். ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று உடனே புரியவில்லை. துணிப் பட்டை கட்டிலின் மேல் கிடந்தது. அவன் இடது கை அதுவாகவே ரப்பரைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தது.

அன்று நான் தோற்றேன். சிநேகிதனுக்காக விட்டுக் கொடுத்தேன் என்று அருள்ஜோதி நினைத்துக்கொண்டாள், நன்றியோடு எனக்கு ஒரு டம்ளர் காபி அதிகமாகக் கொடுத்தாள். மறுக்காமல் குடித்தேன். உண்மையில் உயிரைக் கொடுத்து ஆடியும் தோற்றேன். காஸ்பருக்கு அது தெரியும். பல்லைக் காட்டிச் சிரித்தான், பஸ் ஸ்டாண்டு கடையில் சிரித்த அதே சிரிப்பு. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எரிச்சலும் வந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

"காலை எடுடா" என்றேன். "என் பேரு மேல வெச்சிருக்கற."

"எப்பட்றா எடுக்கறது? பக்கவாதம்டா. கால் வராது" என்றான், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

பொய். முந்தின நாள்தான் அந்தக் காலை ஊன்றி, யாரும் பிடிக்காமல், என்னை வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்திருந்தான்.